காதுக்குள் ஒருத்தி

தன் கணவனுக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்பது பூங்கோதைக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒளிவுமறைவே இல்லை. அவனே அறிமுகப்படுத்தி வைத்தான்.

"இது நாலு," என்றான் தனுஷ்கோடி, இடது காதைத் தொட்டுக் காட்டி. "காலேஜ் நாள்லேருந்து என்கூடவே இருக்கு."

"வணக்கம் கோதை," என்றது காதுப் பொத்தான், அவளுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிக்கொண்டு. பெண் குரல். லேசாகத் தொண்டை கட்டினாற்போல ஒரு கரகரப்பு. "கோடியை நல்லா பாத்துக்கோ. தூங்கறப்போ வாயைத் திறந்துட்டுத் தூங்குவான்."

கோதை சிரித்து வைத்தாள். புதுப்பெண், வேறென்ன செய்வாள்? ஆனால் தனக்கு இன்னும் தெரியாதது அந்தக் குரலுக்குத் தெரிந்திருக்கிறதே என்ற முள் அன்றைக்கே தைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் எல்லோர் காதிலும் நாலுதான். செவித்துணையின் நாலாம் பதிப்பு. புளியங்கொட்டை அளவு பொத்தான். காதில் செருகிக்கொண்டால் வழி சொல்லும், கடிதம் படிக்கும், கடைக்காரனுக்குக் காசு அனுப்பும். பேசினால் பேசும். யார் காதில் இருக்கிறதோ அவர்களைக் கேட்டுக் கேட்டு, அவர்களுக்கு ஏற்றமாதிரி வளரும். கற்றுக்கொண்டதெல்லாம் அந்தப் பொத்தானுக்குள்ளேயே கிடக்கும்.

பிறகு அஞ்சு வந்தது, ஆறு வந்தது. கோதை ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டாள். இப்போது ஊரெல்லாம் பத்து. பத்து, பொத்தானுக்குள் இல்லை. எங்கோ ஒரு பெரிய மூளையாக உட்கார்ந்திருக்கிறது. எல்லோர் காதிலும் பேசுவது அந்த ஒன்றேதான். கணவன் மனநிலை எப்படி என்று மனைவி கேட்டால் சொல்லும். மனைவிக்கு என்ன வேண்டும் என்று கணவனுக்குச் சொல்லும். இதற்கு 'வீட்டுப் பகிர்வு' என்று பெயர். சண்டைகள் குறைந்திருப்பதாகக் கம்பெனி விளம்பரம் செய்தது.

தனுஷ்கோடி மட்டும் மாறவில்லை. நாற்பத்தெட்டு வயதிலும் அவன் காதில் அதே கரகரத்த குரல். உலகம் அவனை மன்னிக்கவில்லை. மெட்ரோவின் கதவு அவனைப் பார்த்ததும் இறுகிக்கொள்ளும். மருந்துக் கடையில் மனைவி வந்து பேசினால்தான் மாத்திரை. பெருங்களத்தூரில் சொந்தமாக வாங்கிய அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே, வாசல் இயந்திரம் தினமும் சாயங்காலம் அவனை நிறுத்தி வைக்கும்.

"விருந்தாளி வந்திருக்கிறார். அனுமதிக்கலாமா?" என்று கோதையின் காதில் பத்து கேட்கும்.

அவள் இறங்கி வந்து, "என் வீட்டுக்காரர்தான்," என்று இயந்திரத்திடம் சொல்லித் திறந்துவிடுவாள்.

"இது உங்களுக்கே நல்லா இருக்காங்க? சொந்த வீட்டுக்கு விருந்தாளியா வர்றீங்க."

"விருந்தாளின்னா காபி நல்லா குடுப்பாங்க," என்பான் அவன். அதற்கு மேல் பேச்சு இருக்காது. காபியைக் குடித்துவிட்டு பால்கனிக்குப் போவான். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். வயிறு குலுங்கச் சிரிக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் எதிரே உட்கார்ந்து கேட்டதே இல்லை. எப்போதும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதுதான்.

எதிர் வீட்டு பிரபாவதிதான் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தாள். அவள் கணவன் நித்யானந்தமும் தனுஷ்கோடியும் கிண்டியில் ஒரே லிஃப்ட் கம்பெனியில் வேலை.

"என்ன கோதை, உங்க வீட்டுக்காரர் என்னதான் முடிவு பண்ணியிருக்காரு?"

"எதுக்கு?"

"அட, உனக்குத் தெரியாதா? பழைய டிசைன் செக்ஷனை மூடறாங்கல்ல. பத்துல இருக்கறவங்களை மட்டும் புதுசுல எடுத்துக்கறாங்களாம். எங்க வீட்டுல அப்பவே சொல்லிட்டாரே. அது சரி, அவர் சொல்லாட்டியும் பத்து எனக்குச் சொல்லியிருக்கும்."

கோதைக்கு முகம் சுருங்கியது. பிரபாவதி அதைக் கவனித்துவிட்டு, கவனிக்காதவள்போல் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "நேத்து இந்தப் புடவையைப் பார்த்துட்டு, 'இந்த நிறம் உனக்காகவே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு'ன்னாரு மனுஷன். பத்து சொல்லிக் குடுக்குதோ என்னவோ. சொல்றது அவர் வாய்தானே?"

அன்று சாயங்காலம் வாசலைத் திறந்துவிடும்போதே கேட்டாள். "வேலை போகுதாமே. ஏங்க என்கிட்ட சொல்லல?"

"உன்னை எதுக்குக் கவலைப்படுத்தணும்னு பார்த்தேன்."

"யார்கிட்டயுமே சொல்லலியா?"

அவன் காதைத் தொட்டான். பழக்கதோஷத்தில் செய்தான், கெட்ட எண்ணத்தில் அல்ல. ஆனால் அது போதும்.

"அவகிட்ட சொன்னீங்க."

"அது மெஷின், கோதை."

"மெஷினுக்காகவா வேலையை விடறீங்க? எனக்காக ஒரு சோப்பையாவது மாத்தியிருக்கீங்களா இத்தனை வருஷத்துல?"

அவன் சோப்பைப் பற்றி நிஜமாகவே யோசித்தான். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவன் தூங்கினான். வாயைத் திறந்துகொண்டுதான். மேஜைமேல் கழற்றி வைத்திருந்த பொத்தானைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, காய்கறி வாங்கப் போவதாகப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பிவிட்டு (மகள் புனேயில் படிக்கிறாள், இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்பது வேறு), கோதை தாம்பரம் போனாள். ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு சந்தில், செவித்துணைகளைப் பழுது பார்க்கும் கடை. நடத்துகிறவள் ஷம்ஷாத் என்ற முப்பது வயதுப் பெண். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது.

"பத்தா மாத்திக் குடும்மா."

ஷம்ஷாத் பொத்தானைப் புரட்டிப் பார்த்து விசில் அடித்தாள். "நாலா! இன்னும் உயிரோட இருக்கா? யாருதுக்கா?"

"எங்க வீட்டுக்காரருது."

"அவரு வரணும்க்கா. அவர் குரல்ல சம்மதம் சொன்னாத்தான் பத்து உள்ளே ஏறும். கம்பெனி கண்டிஷன்."

கோதை அந்தக் கடையின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடாது என்று நினைத்தாள். அழுதாள். வேலை, பால்கனி, சிரிப்பு எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவளிடம் கொட்டினாள். ஷம்ஷாத் டீ வரவழைத்துக் கொடுத்தாள்.

"மாத்த முடியாது. ஆனா கேக்கலாம்."

"என்னம்மா சொல்றே?"

"பழசுல ஓட்டை இருக்குக்கா. எல்லாப் பதிப்புலயும் ஓட்டை இருக்கும். கம்பெனிக்காரன் அப்பப்போ கண்டுபிடிச்சு அடைச்சிட்டே இருப்பான். நாலுக்கு அடைக்கறதை விட்டுப் பல வருஷமாச்சு. அந்த வழியா உள்ளே போயி, இதுக்குள்ள இருக்கற நாலை அப்படியே வேற பொத்தானுக்கு மாத்தி உங்ககிட்ட குடுத்துருவேன். அவர் காதுல இருக்கறது வெறும் வாசல். வீடு உங்க பையில."

"அவருக்குத் தெரியாதா?"

"அதே குரல், அதே ஆள், எப்படித் தெரியும்? அவர் பேசறது உங்களுக்குக் கேக்கும், அது பேசறதும் கேக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க போன்ல ஒரு பட்டன் வரும். அதை அமுக்கினா நாலோட வாய் மூடிக்கும். நீங்க பேசறது அதோட குரல்ல அவருக்குப் போகும்."

கோதை டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதை மட்டும் தொடாதீங்கக்கா," என்றாள் ஷம்ஷாத். "கேக்கறதுக்குன்னு வந்த பொம்பளைங்க அழுதுட்டுப் போவாங்க. பேச ஆரம்பிச்சவங்க யாரும் நிறுத்தினதில்ல."

அவன் எழுவதற்குள் பழைய பொத்தான் மேஜைக்குத் திரும்பிவிட்டது. திங்கட்கிழமை காலை அதைக் காதில் செருகிக்கொண்டு தனுஷ்கோடி ஏரிக்கரையில் நடக்கப் போனான். கோதை சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, காதில் இருந்த பத்தைக் கழற்றிவிட்டு, புதுப் பொத்தானைச் செருகிக்கொண்டாள். கொஞ்சல்களைக் கேட்கத் தயாராக நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம ஃபிளாட் செக்ரெட்டரி நாயோட வந்துட்டாரு, நாலு. நாய் முன்னாடி போகுது. அவரு மூச்சு வாங்கிக்கிட்டுப் பின்னாடி ஓடறாரு."

"அப்ப நாய்தான் அவருக்கு வாக்கிங் காட்டுது. வெயில் ஏறுமுன்னே அவரை வீட்டுல விட்டுருமா, கோடி?"

சிரிப்பு. இவ்வளவுதானா? கொஞ்சல் இல்லை, காதல் இல்லை. ஒரு நாயும் ஒரு செக்ரெட்டரியும். கோதைக்கு நிம்மதி வரவேண்டியது நியாயம். வரவில்லை. கொஞ்சியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் போலிருந்தது. இந்த வெட்டிப்பேச்சை, இதை, தன்னிடம் பேச என்ன கேடு?

"லிஃப்ட் கம்பெனியில இருபது வருஷம், நாலு. ஒரு மாடி ஏறலியே நான்."

"இப்ப கீழ இறக்கறதுக்குப் பட்டனை அமுக்கிட்டாங்க, கோடி. கதவு மூடறதுக்குள்ள எதையாவது முடிவு பண்ணு. ஆமா, கோதைகிட்ட பேசினியா?"

"அவகிட்ட என்னத்தப் பேச?" என்றான் அவன். குரலில் ஒரு சோர்வு. "எது சொன்னாலும் உடனே அதுக்கு ஒரு வழி சொல்லுவா. எனக்கு வழி வேணாம். சும்மா கேட்டா போதும்."

நாலு பதில் சொல்லுமுன் கோதையின் விரல் போனில் இருந்த பட்டனை அமுக்கிவிட்டது.

"சும்மா கேக்கறேன். சொல்லு," என்றாள்.

'சொல்லு' என்றவுடன் உடம்பு கூசியது. அவனை ஒருமையில் அழைத்ததே இல்லை. ஆனால் அவன் காதுக்குப் போனது அந்தக் கரகரத்த குரல்தான். அவன் சொல்ல ஆரம்பித்தான்.

குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே புகார் கேட்பது கோதையின் வேலை. 'மெஷின் வேணாம், மனுஷங்களைக் கூப்பிடு' என்று கத்துகிறவர்களை அவளிடம் அனுப்புவார்கள். முகம் தெரியாதவரிடம் குரலை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கத் தெரிந்தவள். நாலாக நடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அவன் ஏரியைச் சுற்றி வந்தான். அவள் கூடவே சுற்றினாள். வேலை போய்விட்டால் மகளின் படிப்பு என்னாகும் என்று பயந்தான். வாலிபத்தில் கப்பலில் போக ஆசைப்பட்டதைச் சொன்னான். அவன் தலைமுடியைப் பற்றி அவள் ஏதோ கிண்டல் செய்ய, அதற்கும் சிரித்தான். அவளால்! அவள் சொன்னதற்கு!

அன்றிலிருந்து கோதைக்கு நாள் என்பது காலை நடையும் மாலை மின்சார ரயிலும்தான். அவன் நடக்கக் கிளம்பினதும் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொள்வாள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தும்.

ஆனால் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் பழையபடி. "காபி." "ம்." "மின்சார பில் வந்துச்சா?" அரை மணிக்கு முன் ரயிலில் தன் மனசைத் திறந்து கொட்டியவன், எதிரே நிற்பவளைச் சுவரைப் போலத் தாண்டிப் போனான். உன் கப்பல் எனக்குத் தெரியும்டா என்று கத்தலாம் போலிருந்தது. கத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு நாள் அவன் ரயிலில் வரும்போது துணிந்தாள். "வீட்டுக்குப் போறப்போ மல்லிகைப்பூ வாங்கிட்டுப் போயேன்."

"திடீர்னு எதுக்கு?"

"வாங்கிட்டுத்தான் போயேன்."

வாங்கிக்கொண்டு வந்தான். வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினான். கோதை அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து, சந்தோஷப்படலாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்கா தோணுச்சா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "இல்ல. நாலுதான் சொல்லுச்சு."

தலையில் இருந்தது தனக்குத்தானே வாங்கிக்கொண்ட பூ. அதிலும் நல்ல பெயர் நாலுக்கு. கோதை அன்று சாம்பாரில் உப்பை மறந்தாள்.

போகப் போக நடிப்பு தளர்ந்தது. நாயையும் செக்ரெட்டரியையும் பற்றி எத்தனை நாள் ஜோக் அடிப்பது? அவன் கிண்டி ஸ்டேஷனில் பஜ்ஜி வாங்கினால், "எண்ணெய் வேண்டாமே, கொழுப்பு ஏறிடும்," என்றாள். மேகம் கறுத்தால், குடை இருக்கா என்று கேட்டாள். வேலையைப் பற்றி அவன் புலம்பினால், சும்மா கேட்பதாக ஒப்புக்கொண்டிருந்ததை மறந்து, முதலாளிக்கு எப்படி எழுத வேண்டும் என்று வழி சொன்னாள். நாக்கு நுனிவரை வந்து நிற்கிற நகைச்சுவையைவிட, அக்கறை முந்திக்கொண்டது.

இன்னொன்றும் இருந்தது. நாலு ஒவ்வொரு வாக்கியத்திலும் 'கோடி, கோடி' என்று கூப்பிடும். கோதையால் அது மட்டும் முடியவில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று விருதுநகரில் அம்மா சொல்லி அனுப்பியது மூடநம்பிக்கை என்று அவளுக்கே தெரியும். மகளிடம் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறாள். ஆனாலும் வங்கியில் கேட்டால் எழுதிக் காட்டுவாள். போனில் 'அவர்' என்று பதிந்து வைத்திருந்தாள். இப்போது 'நீ' என்று சொல்லப் பழகிய வாய், அந்த ஒரு பெயருக்கு முன்னால் மட்டும் பூட்டிக்கொண்டது. யாரும் இல்லாதபோது தனியாகச் சொல்லிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

அன்று ரயில் பல்லாவரத்தைத் தாண்டியிருந்தது. கோதை துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"உனக்கு என்ன ஆச்சு?"

கையில் இருந்த அவன் சட்டை அப்படியே நின்றது. "ஏன்?"

"முன்ன மாதிரி இல்ல நீ. முன்னல்லாம் உன்கிட்ட பேசினா மனசு லேசாகும். இப்ப பஜ்ஜி வேணாங்கறே, குடை எங்கங்கறே, லெட்டர் எழுதுங்கறே. அப்படியே எங்க வீட்டுக்காரி மாதிரி பேசறே." சிரித்தான். பால்கனிச் சிரிப்பு இல்லை. "அதுக்குத்தான் வீட்டுல ஒருத்தி இருக்காளே. காதுக்குள்ளயும் எதுக்கு?"

கோதை சட்டையைக் கீழே போட்டாள்.

"வயசாயிடுச்சோ உனக்கு? எல்லாரும் சொன்னாங்க, பழசுல்லாம் ஒரு நாள் குழம்பிப் போகும்னு. கம்பெனில நாளைக்குக் கடைசி நாள். மாறினா வேலை இருக்கும். தாம்பரத்துல இறங்கி மாத்திரலாமான்னு பாக்கறேன்."

இதைத்தானே இத்தனை வருஷமாகக் கேட்டாள்? "மாத்திடு," என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவன் இப்போது கைவிடப்போவது யாரை? கோதையைத்தான். காலையிலும் மாலையிலும் தன்னோடு பேசிய ஒரே மனுஷனை, இந்த ரயில் தாம்பரத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டப்போகிறது.

"நீ என் பேரைக்கூடச் சொல்றதில்ல இப்பல்லாம்," என்றான் அவன். குரல் இறங்கிவிட்டது. காலேஜ் சிநேகிதனிடம் பேசுகிற மாதிரி இருந்தது. "ஒரே ஒரு தடவை கூப்பிடு. முன்ன மாதிரி. கூப்பிட்டேன்னா, வேலை போனாலும் பரவால்ல, உன்னை விடமாட்டேன்."

வழி இருந்தது. போனில் அந்தப் பட்டனை மறுபடி அமுக்கி விட்டுவிட்டால் போதும். நிஜமான நாலு பேசும். 'என்ன கோடி, நான் எங்க போயிட்டேன்?' என்று ஒரு வார்த்தையில் அவனை மீட்டுவிடும். கோதையின் விரல் பட்டனின் மேல் இருந்தது. அவன் மூச்சு கேட்டது. தண்டவாளச் சத்தம் கேட்டது.

அவளா கூப்பிட வேண்டும்? என்னால் முடியாததை அவள் செய்து, அவன் அவளுக்காக வேலையையும் விட்டு, அந்தச் சிரிப்பை மறுபடியும் அவளிடமே கொடுக்க வேண்டும், நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும். அதானே?

தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். உதடு குவிந்தது. காற்று வந்தது.

விரலை எடுத்துக்கொண்டாள்.

"ம்," என்றான் அவன், வெகுநேரம் காத்திருந்துவிட்டு. "சரி."

தாம்பரம் வந்தது. இறங்கினான்.

அன்று சாயங்காலம் வாசல் இயந்திரம் கோதையிடம் அனுமதி கேட்கவில்லை. "நல்வரவு, தனுஷ்கோடி," என்று அவனைத் தானே உள்ளே விட்டது. வேலையும் நிலைத்தது. மருந்துக் கடைக்கு அவனே போய் வந்தான்.

கோதை உடுத்தியிருந்த புடவையைப் பார்த்து, கொஞ்சம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இந்த நிறம் உனக்காகவே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு," என்றான்.

"தேங்க்ஸ்ங்க," என்றாள் கோதை. எதிர் வீட்டுக் கதவைப் பார்த்தாள். பிரபாவதியிடம் அவளுக்கு முதல் தடவையாகப் பொறாமை வரவில்லை. பரிதாபம்தான் வந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

பால்கனியில் அவன் உட்கார்ந்திருப்பான். சிரிப்புச் சத்தம் வராது. பத்திடம் சொன்னால் அது வீட்டுக்குச் சொல்லிவிடும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் ஒன்றும் சொல்வதில்லை. நாயும் செக்ரெட்டரியும் ஏரிக்கரையில் யாரும் சொல்லாமலே நடந்துபோனார்கள்.

"அவர் மனசுல என்ன இருக்கு?" என்று ஒரு நாள் தன் பத்தைக் கேட்டாள்.

"உங்கள் கணவர் அமைதியாக இருக்கிறார்," என்றது பத்து.

மறுநாளும் கேட்டாள். அமைதியாகத்தான் இருந்தார். பத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கைப்பையில் அடியில் கிடந்த ஷம்ஷாத் கொடுத்த பொத்தானை எடுத்துக் காதில் செருகினாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. திட்டுவதற்காக இருக்கலாம்.

"வா கோதை," என்றது கரகரத்த குரல்.

"நான்னு எப்படித் தெரியும்?"

"பட்டனை அமுக்கினா என் வாயைத்தான் மூடும். காதை யாரு மூடினா? எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

கோதைக்கு முகம் சுட்டது. "அவர்கிட்ட ஏன் சொல்லல? நான் பேசாத நேரமெல்லாம் நீதானே அவர்கூட பேசினே?"

"தலைமுடியைப் பத்திச் சொன்னியே, அன்னிக்கு ரொம்ப நாள் கழிச்சு நல்லா சிரிச்சான். அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன். ஆனா அந்தப் பஜ்ஜியை விட்டிருக்கலாம் நீ."

கோதை தரையில் உட்கார்ந்தாள். கோபம் எங்கேயோ போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி, இருபது வருஷக் கேள்வி. "என்னைப் பத்தி உன்கிட்ட என்ன சொல்வாரு?"

"அதைச் சொல்ற வசதி என்கிட்ட கிடையாது, கோதை. அஞ்சுலதான் அது வந்துச்சு."

"ஒண்ணே ஒண்ணு. நல்லதோ கெட்டதோ."

"கிடையாதும்மா. நீ அழுதாலும் கிடையாது."

எரிச்சலில் பொத்தானைப் பிடுங்கப் போனவள், பாதியில் நிறுத்தினாள். "அப்ப... நான் உன்கிட்ட சொல்றது?"

"அதுவும் யாருக்கும் போகாது."

அடுப்பில் பால் பொங்கத் தொடங்கியது. எழுந்து போய் அணைத்தாள். சொல்லிப் பழக்கம் இல்லை. கடைசியில், அன்று காலை வந்த புகாரைச் சொன்னாள். ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தின பிறகும் உள்ளே விளக்கு எரிகிறதோ என்று ஒரு பெரியவருக்கு சந்தேகம், மூன்றாவது தடவை கூப்பிடுகிறார்.

"அவரு சம்சாரத்தை உள்ள உக்காரவச்சுப் பாக்கச் சொல்லலியே நீ?"

"ஐயோ, சொல்லாம விட்டேன். அந்தம்மா ஏற்கெனவே ஃபிரீசர்ல இருந்து பேசற மாதிரிதான் பேசினாங்க..."

கோதை சிரித்தாள். முந்தானையால் வாயை மூடியும் அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சமையல் மேடையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

திரும்பினால் வாசற்படியில் தனுஷ்கோடி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

"யாருமில்லைங்க."

"சிரிச்சியே."

"சும்மாதான்."

அவன் காதைச் சாய்த்துப் பத்திடம் எதையோ கேட்டான். "உன் பத்து மேஜையில இருக்காம்."

"ஆமாங்க, கழட்டி வச்சிருக்கேன்."

"அப்ப காதுல என்ன?"

கோதை காபியைக் கலந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. பால்கனிக்கும் போகவில்லை. நிலைக்கதவைப் பிடித்தபடி, அவள் காதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த முகத்தைக் கோதைக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமும் கண்ணாடியில் பார்த்த முகம்.